கை வியர்வைக்கு ஆபரேஷன் செய்யலாமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். களியக்காவிளை கேரள எல்லை இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். சின்ன வயதிலிருந்தே என் இரண்டு உள்ளங்கையும் சொட்டச் சொட்ட வியர்க்கும். 24 வயதில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், நெஞ்சுக்குள் ஓடும் நரம்பை வெட்டி வியர்வையை நிறுத்தும் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது வயது 33. கை காய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக முதுகு நனைகிறது.

அளவு கொடுக்க வரும் பெண்கள், அவர்களுடைய அக்கா தங்கைகள், முன்பின் தெரியாதவர்கள்கூட நம்பர் வாங்கி இதைப்பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. என் உடம்பில் நடந்ததையும், அதன்பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். முடிவெடுக்க உங்கள் மருத்துவர் வேண்டும்.

கை வியர்ப்பது ஒரு நோயா? நம் ஊர்ப் புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்க்கத்தானே செய்யும்?

எல்லோருக்கும் வியர்க்கும். ஆனால் மார்கழிக் காலையில், ஃபேனுக்குக் கீழே, சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல் நுனியிலிருந்து சொட்டு விழுந்தால் அது புழுக்கத்தால் வருவதில்லை. இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் என்று சில இடங்களில் மட்டும், இரண்டு பக்கமும் ஒரேபோல வியர்க்கும். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலோ வயதுக்கு வரும் காலத்திலோ தொடங்கும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கு. முக்கியமான அடையாளம், தூங்கும்போது நின்றுவிடும்.

நம் உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. இந்தத் தொந்தரவு இருப்பவர்களுக்குச் சுரப்பிகளின் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதில்லை, அவற்றுக்குப் போகும் நரம்புக் கட்டளைதான் அளவுக்கு மீறிப் போகிறது. பயந்த சுபாவம், உடம்புச் சூடு, கொழுப்பு என்று ஊரில் சொல்வதை எல்லாம் கேட்டுக்கேட்டு நான் பத்து வருடம் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மனம் படபடத்தால் வியர்வை கூடும், உண்மைதான். ஆனால் படபடப்பால் இது உண்டாகவில்லை. கை நனைகிறதே என்றுதான் பாதி படபடப்பே வரும்.

இது இல்லாதவர்களுக்கு இதன் கஷ்டம் புரிவதில்லை என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு வெள்ளைப் பட்டுச் சேலை, அதற்கு வெள்ளை சாட்டின் பிளவுஸ். வெட்டிய துணியை மிஷினில் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், ஐந்து விரலும் சாம்பல் நிறத்தில் துணியில் பதிந்திருக்கும். காய்ந்த பிறகும் ஓரத்தில் ஒரு மஞ்சள் வளையம் நிற்கும். ஊசி மூன்று நாளில் துருப்பிடிக்கும். மடியில் துண்டு, மேஜையில் துண்டு, துணிக்கு அடியில் பேப்பர் என்றுதான் தொழில் கற்றுக்கொண்டேன். ஆதார் எடுக்கப் போன இடத்தில் விரல் பதியவே இல்லை. அங்கே இருந்த பையன் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னான். வரிசை முழுக்க என் கையைப் பார்த்தது. கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால், நான் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

எந்த வியர்வைக்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பெரியவரான பிறகு திடீரென்று தொடங்கினால், உடம்பு முழுக்க வியர்த்தால், ஒரு பக்கம் மட்டும் வியர்த்தால், இரவில் படுக்கை நனைந்தால், கூடவே எடை குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, அதற்குப் பின்னால் வேறு காரணம் இருக்கலாம். தைராய்டு, காசநோய், சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது, மாதவிடாய் நிற்கும் பருவம், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். முதலில் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோடு குளிர்ந்த வியர்வை வந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பெரும்பாலும் கேட்டும் பார்த்தும்தான். எந்த இடத்தில், எவ்வளவு என்று அறிய ஒரு எளிய சோதனையும் உண்டு: தோலில் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே மாவுத்தூள் தூவுவார்கள். வியர்க்கும் இடம் கருநீலமாக மாறும். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுகிறோமே, அதே மாவுச்சத்துதான். தைராய்டு, சர்க்கரை இரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் வேறு என்னென்ன வழி இருக்கிறது?

இந்தக் கேள்வியை நான் 24 வயதில் கேட்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பூசும் மருந்து. அலுமினியம் குளோரைடு கலந்த கரைசல், 20 சதவீதம் வரை கிடைக்கும். இரவு படுக்கும்முன், நன்றாகக் காய்ந்த தோலில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். ஈரத்தோலில் பூசினால் எரியும். பகலில் பூசிப் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்று விட்டவர்கள் நிறைய. அக்குளுக்கு இது நன்றாக உதவும். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அங்கே பலன் குறைவு.

அடுத்தது அயன்டோஃபோரசிஸ். பெயர்தான் பெரிது. இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், அதற்குள் கை, தண்ணீர் வழியாக மிகக் குறைந்த மின்சாரம், 15 முதல் 20 மில்லிஆம்பியர் அளவில். ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், ஆரம்பத்தில் வாரம் மூன்று நாள். சில வாரத்தில் கை காயத் தொடங்கும். அப்புறம் வாரம் ஒருமுறை அல்லது அதற்கும் குறைவாகத் தொடர்ந்தால் போதும், விட்டால் வியர்வை திரும்பி வரும். லேசாக ஊசி குத்துவதுபோல் இருக்கும், தோல் சிவக்கலாம், வறளலாம். மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். வெட்டுக்காயத்தில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் செய்யக்கூடாது. உடம்பில் உலோகத் தகடு இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கைக்கும் காலுக்கும் நல்ல பலன் தரும் முறை இது. தயவுசெய்து வீட்டில் சார்ஜரையும் சோற்றுத் தட்டையும் வைத்து நீங்களே செய்துபார்க்காதீர்கள். சுவர் மின்சாரம் உயிரை எடுத்துவிடும். தோல் பிரிவிலோ பிசியோதெரபி பிரிவிலோ கேளுங்கள்.

மாத்திரை உண்டு. கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் என்று இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். சுரப்பிக்குப் போகும் கட்டளையைத் தடுப்பவை. உடம்பு முழுக்க வேலை செய்வதால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், கண் மங்கலாகும், சிலருக்குச் சிறுநீர் தடைப்படும். சில வகைக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வெயிலில் ரப்பர் தோட்டத்திலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் வியர்க்காமல் உடம்பு சூடேறிப்போகும் ஆபத்தும் உண்டு. அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

போடாக்ஸ் ஊசி இன்னொன்று. அக்குள் வியர்வைக்கு அமெரிக்காவில் 2004-இல் அனுமதி கிடைத்தது. பல மாதங்களுக்குப் பலன் இருக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். உள்ளங்கையில் நிறைய இடத்தில் குத்த வேண்டும், வலி அதிகம், சில வாரம் பிடி தளரலாம். கத்தரிக்கோல் பிடித்துப் பிழைக்கும் எனக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். செலவும் ஒவ்வொரு முறையும் உண்டு.

இவை எல்லாம் நித்தம் பார்த்துக்கொள்ள வேண்டியவை, சலிப்புத் தருபவை. ஒரே நாளில் முடிந்துவிடும் என்ற ஆசையில்தான் நான் ஆபரேஷன் பக்கம் போனேன். இன்று என்னிடம் வருபவர்களை நான் முதலில் அனுப்புவது தண்ணீர்த் தட்டுக்குத்தான்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

எண்டோஸ்கோப்பிக் தொராசிக் சிம்பதெக்டமி என்று பெயர். சுருக்கமாக ஈ.டி.எஸ். என்பார்கள். வியர்வைக் கட்டளையைக் கொண்டுபோவது பரிவு நரம்பு. அது முதுகெலும்பின் இரண்டு பக்கமும், விலா எலும்புகளின் தலைப்பகுதிக்கு மேலாக, முடிச்சு போட்ட நூல்போலக் கீழிறங்கும். முழு மயக்கம் கொடுத்து, அக்குள் பக்கம் சின்னத் துளை போட்டு, ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைத்து, கேமரா விட்டு அந்த நூலைப் பார்த்து, குறித்த இடத்தில் வெட்டுவார்கள், சுடுவார்கள் அல்லது கிளிப் போட்டு நசுக்குவார்கள். பிறகு மறுபக்கம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு விடுவார்கள்.

எந்த விலா எலும்புக்கு மேல் வெட்டுகிறார்கள் என்பது மிக முக்கியம். மருத்துவர்கள் அதை ஆர்-3, ஆர்-4 என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். உள்ளங்கைக்கு மூன்றாவது அல்லது நான்காவது விலா எலும்பு மட்டம். மேலே போகப்போக கை நன்றாகக் காயும், ஆனால் மற்ற இடத்தில் வியர்ப்பதும் கூடும். நான்காவது மட்டத்தில் வெட்டினால் கையில் லேசான ஈரம் தங்கலாம், மற்றத் தொந்தரவு குறைவு. எனக்கு எங்கே வெட்டினார்கள் என்று நானாகக் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பல வருடம் கழித்து எடுத்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கை உண்மையிலேயே காயுமா?

காயும். கையைப் பொறுத்தவரை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் நான் முதலில் செய்தது, இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தது. சூடாக, உலர்ந்து, யாரோ ஒருத்தியுடைய கைபோல இருந்தது. அம்மை பக்கத்தில் நின்று அழுதாள். அந்த நாளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சில பேருக்கு மிகவும் வறண்டுவிடும். எனக்கு அப்படித்தான். பட்டு நூல் விரல் வெடிப்பில் சிக்கி இழுபடும். தைக்க உட்காரும்முன் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துக்கொள்கிறேன்.

ஈடுகட்டும் வியர்வை என்கிறார்களே, அது என்ன?

கையிலும் மேல் உடம்பிலும் நின்றுபோன வியர்வை, முதுகிலும் வயிற்றிலும் மார்புக்குக் கீழேயும் இடுப்பிலும் தொடையிலும் வருவது. இந்த ஆபரேஷனில் அடிக்கடி வருவதும், பின்னால் செய்தவர்களை மிகவும் வருந்த வைப்பதும் இதுதான்.

எனக்கு ஆபரேஷனுக்கு முன்னால் சொன்னது ஒரே ஒரு வரி. "கொறச்சு வேற எடத்துல வியர்க்கும், அத்ரயே உள்ளூ" என்றார் அந்த டாக்டர். கொஞ்சம்தானே என்று நானும் தலையாட்டினேன். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பங்குனியில் தொடங்கியது. காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவதற்குள் பிளவுஸின் முதுகு முழுக்க நனைந்து, சேலையின் கொசுவம் செருகிய இடம் பிழிய வேண்டிய அளவுக்கு ஈரமாகும். முகத்தில் ஒரு துளிகூட இருக்காது. பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ தண்ணீரில் முதுகை நனைத்துவிட்டு வந்தவள்போல இருக்கும். கடையில் நான் உட்காரும் ஸ்டூலில் துண்டு விரித்துத்தான் உட்காருகிறேன். எழுந்ததும் துண்டை மடித்து எடுத்துவிடுகிறேன், அடுத்தவர் கண்ணில் படுவதற்குள்.

நம் ஊர் இதற்கு ஒத்துவராத ஊர். சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், காற்றிலேயே ஈரம் அதிகம். ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வந்த வியர்வை காய்ந்து போக வழியில்லை, துணியிலேயே நிற்கும். ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவருக்கு வரும் ஈடுகட்டும் வியர்வையும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தைப்பவளுக்கு வருவதும் ஒன்றாக இருக்காது. ஆபரேஷன் யோசிப்பவர்கள் தாங்கள் பகல் முழுக்க எங்கே நிற்கிறோம், என்ன துணி உடுத்துகிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதோடு, சாப்பிடும்போது முகத்திலும் தலையிலும் வியர்ப்பதும் சிலருக்குப் புதிதாக வரும். எனக்கு மாங்காய் ஊறுகாயின் வாசம் போதும், காதோரம் ஈரமாகிவிடும். அது பெரிய தொந்தரவு இல்லை.

எத்தனை பேருக்கு இது வருகிறது? எனக்கு வருமா என்று முன்பே தெரியுமா?

மருத்துவ ஆய்வுகள் தரும் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மிகச் சிலருக்குத்தான் என்று சொல்லும் ஆய்வும் உண்டு, கிட்டத்தட்ட எல்லோருக்கும் என்று சொல்லும் ஆய்வும் உண்டு. லேசான ஈரத்தையும் கணக்கில் சேர்த்தால் பெரும்பாலானவர்களுக்கு வருகிறது. வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அளவுக்கு வருவது அவர்களில் ஒரு சிறு பகுதிக்கு. அந்தச் சிறு பகுதியில் நாம் இருப்போமா என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை.

ஆனால் சில அறிகுறிகள் உண்டு. நரம்பை மேல் மட்டத்தில் வெட்டினால், பல இடத்தில் வெட்டினால், உடல் எடை அதிகமாக இருந்தால், ஏற்கெனவே முதுகும் வயிறும் நன்றாக வியர்ப்பவராக இருந்தால், ஆபத்து கூடுதல். அமெரிக்க நெஞ்சு அறுவை மருத்துவர்கள் 2011-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். யாருக்கு இது பொருத்தம் என்று அதில் சொல்லியிருப்பது: 16 வயதுக்கு முன்பே வியர்வை தொடங்கியவர், 25 வயதுக்குள் இருப்பவர், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 28-க்குக் குறைந்தவர், தூக்கத்தில் வியர்க்காதவர், வேறு பெரிய நோய் இல்லாதவர், ஓய்வில் நாடித்துடிப்பு 55-க்குக் குறையாதவர். இவை எல்லாமே எனக்குப் பொருந்தின. இருந்தும் எனக்கு வந்தது.

கிளிப் போட்டால் பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்கிறார்களே?

இதை நம்பி சம்மதிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கிளிப்பைச் சில நாள், சில வாரத்துக்குள் எடுத்தால் நரம்பு மீளலாம். தள்ளிப்போகப் போக நசுங்கிய நரம்பு பிழைப்பது கடினம். எடுத்த பிறகும் பழையபடி ஆகும் என்ற உறுதி இல்லை. ஈடுகட்டும் வியர்வையோ பல சமயம் சில மாதம் கழித்து, அடுத்த கோடையில்தான் முழுசாகத் தெரியவரும். காலில் இருந்து நரம்பு எடுத்து ஒட்டுப்போடும் ஆபரேஷனும் சில இடங்களில் செய்கிறார்கள். அதன் பலனும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. செய்தால் திரும்பாது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

வேறு என்ன ஆபத்து?

முழு மயக்கத்தில் நெஞ்சைத் திறக்காமல் செய்தாலும் இது நெஞ்சுக்குள் செய்யும் ஆபரேஷன்தான். நுரையீரலைச் சுற்றிக் காற்று தங்கலாம், இரத்தம் கசியலாம், அதற்குக் குழாய் வைக்க நேரிடலாம். விலா நரம்பு உரசி, நெஞ்சிலும் முதுகிலும் வலி சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். எனக்கு ப்ரா பட்டை படும் இடத்தில் ஆறு மாதம் எரிந்தது.

மேல் மட்டத்தில் நரம்பு அடிபட்டால் ஹார்னர் சிண்ட்ரோம் வரும்: ஒரு பக்கத்துக் கண் இமை தொங்கி, கண்மணி சுருங்கிவிடும். நூறில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் முகத்தில் தெரியும் விஷயம், நிரந்தரமாகவும் ஆகலாம். இதயத்துக்கும் இந்த நரம்பு வழியாகத்தான் கட்டளை போகிறது என்பதால் நாடித்துடிப்பு கொஞ்சம் குறையும். ஓட்டப்பந்தயம், கபடி என்று இருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிராபத்து மிக மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

முன்பு காசநோயோ நெஞ்சில் நீர் கட்டியோ வந்தவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நுரையீரல் நெஞ்சுச் சுவரில் ஒட்டிப்போயிருந்தால் ஆபரேஷன் கடினமாகும். சின்ன வயதில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். இங்கே மறைக்க வேண்டாம்.

அக்குளுக்கும் காலுக்கும் இதே ஆபரேஷன் செய்யலாமா?

அக்குள் மட்டும் என்றால் நெஞ்சுக்குள் போகவே தேவையில்லை என்பது என் எண்ணம். அங்கே இருக்கும் சுரப்பிகளை மட்டும் சுரண்டியோ உறிஞ்சியோ எடுக்கும் சின்ன ஆபரேஷன் உண்டு, மைக்ரோவேவ் கருவியால் சுரப்பிகளை அழிக்கும் முறையும் உண்டு, போடாக்ஸும் உண்டு. தழும்பு, மரத்துப்போவது போன்ற தொந்தரவு இவற்றிலும் வரும். ஆனால் வியர்வை முதுகுக்குப் போகும் கதை இல்லை.

காலுக்கு, கைக்காகச் செய்யும் ஆபரேஷனை நம்ப முடியாது. சிலருக்குக் காலும் சேர்ந்து குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும். காலுக்கென்று இடுப்பு மட்டத்தில் நரம்பை வெட்டும் ஆபரேஷன் இருக்கிறது. ஆண்களுக்கு விந்து வெளியேறுவதில் சிக்கல் வரும் ஆபத்து உள்ளதால் மிகவும் யோசித்துத்தான் செய்வார்கள்.

முகம் வியர்ப்பதற்கும் சிவப்பதற்கும்?

முகத்துக்காக மேல் மட்டத்தில் வெட்டும்போது ஈடுகட்டும் வியர்வையும் ஹார்னர் ஆபத்தும் கூடும். இதற்காகச் செய்துகொண்டவர்களில் வருந்துபவர்கள் அதிகம். மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் பையனுக்கு 15 வயது. பரீட்சைத் தாளெல்லாம் நனைகிறது. இப்போதே செய்துவிடலாமா?

ஒரு அம்மா பையனையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்து கேட்டது இது. அவன் கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. என்னுடைய கையை நீட்டியபோதுதான் எடுத்தான்.

அவசரப்பட வேண்டாம். தைவானில் இந்த ஆபரேஷன் மிகுதியாகச் செய்தார்கள். பிறகு 2004-இல் 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் செய்யக்கூடாது என்று அங்கே தடை போட்டார்கள். திரும்பப் பெற முடியாத ஒன்றுக்கு அவன் தானே சம்மதிக்கும் வயது வரட்டும். அதுவரை தண்ணீர்த் தட்டு, தேவைப்பட்டால் டாக்டர் எழுதும் மாத்திரை. பள்ளிக்கூடத்தில் டாக்டர் சீட்டைக் காட்டி, பரீட்சையில் கைக்குட்டையும் கைக்கு அடியில் வைக்கத் தடிமனான அட்டையும் அனுமதிக்கக் கேளுங்கள். அந்த அம்மாவிடம் நான் வலியுறுத்தியது இன்னொன்றும் உண்டு: வீட்டில் அவனை "கையைத் துடைடா" என்று சொல்வதை நிறுத்துங்கள். அவனுக்கு அது தெரியும்.

மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். அதற்குள் முடித்துவிடலாமா?

இதற்குத்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மோதிரம் மாற்றும்போது, தாலி கட்டும்போது கை நனையுமே என்ற பயம். எனக்குப் புரிகிறது, என் ஆபரேஷனும் அந்தப் பேச்சில் தொடங்கியதுதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டிலிருந்து ஒரு அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏம் பிள்ளே, கை இப்படி நனஞ்சு கெடக்கு?" என்று கேட்டார். அன்று இரவே அப்பாவிடம் ஆபரேஷன் என்று சொன்னேன். அம்மையின் சங்கிலி அடகுக்குப் போனது.

தேதி குறித்துவிட்டு அதற்காக ஆபரேஷனுக்கு ஓடாதீர்கள். ஒரு நாள் கை காய வேண்டும் என்றால் அதற்குச் சில வாரம் முன்பிருந்தே அயன்டோஃபோரசிஸ் தொடங்கலாம், மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். மாப்பிள்ளை வீட்டில் முன்பே சொல்லிவிடுவதும் நல்லது. நான் என் வீட்டுக்காரரிடம் முதுகைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது, "ராத்திரி ஃபேன் போதுமா, இன்னொண்ணு வாங்கணுமா?" என்று மட்டும்தான்.

எந்த டாக்டரிடம் போக வேண்டும்? என்ன கேட்க வேண்டும்?

முதலில் தோல் மருத்துவர். நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். ஆபரேஷன் என்ற பேச்சு வந்தால் நெஞ்சு அறுவை மருத்துவர். தோல் டாக்டரைப் பார்க்காமல் நேரே அறுவை மருத்துவரிடம் போனதுதான் நான் செய்த தவறு.

ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், பதிலையும் அங்கேயே எழுதுங்கள். எந்த விலா எலும்பு மட்டத்தில் வெட்டுவீர்கள்? ஒரே இடத்திலா, பல இடத்திலா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களில் எத்தனை பேரை ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தீர்கள்? கடுமையான ஈடுகட்டும் வியர்வை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? செய்துகொண்ட ஒருவரிடம் நான் பேச முடியுமா? மொழி தடையாக இருந்தால் மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். நம் பக்கம் எல்லோருக்கும் மலையாளம் புரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். சம்மதப் பத்திரத்தில் இருக்கும் மலையாளமும் ஆங்கிலமும் சந்தையில் பேசும் மலையாளம் இல்லை. கையெழுத்துப் போடும்முன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு நகல் கேளுங்கள்.

நீங்கள் செய்தது தவறு என்று நினைக்கிறீர்களா?

கை காய்ந்ததால் என் தொழில் நிலைத்தது. வெள்ளை சாட்டினில் இப்போது விரல் தடம் இல்லை. அதை மறுக்க மாட்டேன். மறுபடி 24 வயதுக்குப் போனால், ஆறு மாதம் தண்ணீர்த் தட்டில் கையை வைத்திருப்பேன். அது பலிக்காமல் போயிருந்தால் நான்காவது மட்டத்தில் செய்யச் சொல்லிக் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆபரேஷன் முடிந்துவிட்டது, முதுகு நனைகிறது. இனி என்ன செய்ய?

மீண்டும் டாக்டரைப் பாருங்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரை ஈடுகட்டும் வியர்வைக்கும் பலருக்கு உதவுகிறது. நான் விசேஷ நாள்களில் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் எடுக்கிறேன், வாய் வறளும், பொறுத்துக்கொள்கிறேன். வெயிலில் போனால் தண்ணீரும் உப்பிட்ட மோரும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மார்புக்குக் கீழும் தொடையிடுக்கிலும் ஈரம் தங்கினால் படர்தாமரை வரும்; துடைத்துக் காயவிடுங்கள், வந்துவிட்டால் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

துணியைப் பற்றி மட்டும் நான் அடித்துச் சொல்ல முடியும். பாலியெஸ்டர் லைனிங் வேண்டாம். மெல்லிய மல் துணியில் லைனிங், பிளவுஸ் முதுகில் அது இரட்டையாக. சாம்பலும் இளநீலமும் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். கருநீலம், வெள்ளை, சின்னச் சின்னப் பூப்போட்ட அச்சுத் துணி மறைக்கும். முதுகுப் பக்கம் உள்ளே இரண்டு ஹூக் வைத்து, கழற்றி மாற்றும்படி ஒரு மல் துண்டு தைத்துத் தருகிறேன். மதியம் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். இந்தத் தொந்தரவு இருப்பவர்கள் கடைக்கு வந்தால் அந்தத் துண்டுக்குக் காசு வாங்குவதில்லை.